சோற்றுக்கை தப்பியது

திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மெஷின் ஓட்டும் எஸ்றா, ஞாயிற்றுக்கிழமையானால் கோயமுத்தூருக்குப் போய் வாத்தியக் குழுவில் வயோலா வாசிப்பான். வயோலா வயலினுக்கு அண்ணன். உருவம் பெரிது, மரியாதைதான் சிறிது. மெட்டெல்லாம் வயலினுக்கே போய்விடும். வயோலாக்காரன் குழுவின் கறிவேப்பிலை.

2006இல் குழுவை நடத்தும் மாஸ்டர் ஒரு சிம்பொனியை எடுத்தார். எழுதியவர் செத்து நூறு வருஷம் ஆகியிருந்தது. இளமையில் நாடகக் கொட்டகையில் வயோலா வாசித்து வயிறு கழுவியவராம். வாசிக்கும்போதே அது தெரிந்தது. மற்ற மகான்கள் வயோலாவுக்கு ஒரே சுரத்தை எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். இவரோ நடுவரிசையில் உட்கார்ந்து கை வலித்தவர். இரண்டாம் பகுதியில் வயலின்களை வெறுமனே நரம்பைச் சுண்டச் சொல்லிவிட்டு, மெட்டை வயோலாவிடம் கொடுத்திருந்தார். அரை நிமிஷம்தான். குழுவில் வயோலா எஸ்றா ஒருவன்தான். ஒத்திகை முடிந்த பிறகும் அந்த அரை நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தான்.

"நம்மளயும் ஒரு மனுசன் நெனச்சுப் பாத்திருக்காரு," என்றான் மனைவி அனிதாவிடம். "நடுச்சுவத்த எடுத்துட்டா ஓடு நிக்குமா? அதாட்ட எழுதியிருக்காரு."

"அப்ப கச்சேரிக்கு நானும் வர்றனுங்க," என்றாள் அவள்.

கச்சேரி நெருங்கும் நேரத்தில் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். கம்பிவலைக் கையுறை போட்டால் வேகம் குறையும் என்று அது அலமாரியிலேயே கிடக்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வரும் நாளில் மட்டும் கைக்கு ஏறும். அன்றைக்குப் பையர் வரவில்லை. அடுக்கிய துணியோடு எஸ்றாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போயின.

சூப்பர்வைசர் சுப்பண்ணன் சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்க கண்ணு. சோத்துக்கை தப்புச்சுதல்ல?"

பார்க்க வந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். பாஸ்டர் அதற்கு ஸ்தோத்திரமும் சொன்னார். வயோலாவில் சோற்றுக்கை வில்லை மட்டுமே இழுக்கும், சுரம் பிடித்துப் பாடுவதெல்லாம் இடது கைதான் என்று எஸ்றா யாரிடம் போய் அழுவான்?

மாஸ்டருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. வயோலா இல்லாமலே நடத்திவிட்டார்.

எஸ்றா முதல்முறையாகக் கீழே, ஜனங்களோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அனிதா. மடியில் கட்டுப்போட்ட கை. மனசுக்குள் ஒரு பொல்லாத ஆசை: ஓடு சரிய வேண்டும். ஒருவராவது திரும்பி, என்னமோ குறைகிறதே என்று கேட்க வேண்டும்.

அந்த இடம் வந்தது. வயலின்கள் நரம்பைச் சுண்டின. மெட்டு இல்லை. கட்டுக்குள், வெட்டுப்பட்டுப் போன இரண்டு விரல்களும் சுரம் பிடித்து ஓடுவதுபோல் இருந்தது. முன்வரிசைப் பெரியவர் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்தார். பாட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. ஓர் ஓடும் அசையவில்லை.

அனிதா குனிந்து மெல்லக் கேட்டாள். "ஏனுங்க, உங்குளுது எப்பங்க வரும்?"

"இப்பத்தான் போச்சு."

"அதுங்களா?" அவன் கையைத் தடவிக்கொடுத்தாள். "நல்லாத்தான் இருந்துச்சுங்க."