ஒன்பதாம் ஆண்டின் துணி

தொழில்முறை ஸ்னூக்கர் போட்டியின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை எழுதும் பொறுப்பு, ஆட்ட மேசையைப் பூட்டித் துணி கட்டும் மேசைக்காரரிடம் வந்தது. அவர் எழுத்தாளர் என்பதால் அல்ல. முதல் ஆண்டிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாதவர் அவர் ஒருவர்தான். செயலாளர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை; பழைய ரிஜிஸ்டர்களைக் கரையான் முழுமூச்சாகப் படித்து முடித்திருந்தது.

"ஒரு பத்துப் பக்கம் போதும் அண்ணே. வெள்ளிவிழா மலரோட நடுப்பக்கத்துல வரும்" என்றார் செயலாளர்.

மேசைக்காரர் ஒரே வாரத்தில் ஒன்பது பக்கம் எழுதிவிட்டார். முதல் ஆண்டு மெத்தைக் கம்பெனி கோப்பை. பார்வையாளர்கள் பதினொரு பேர், அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இரண்டாம் ஆண்டு மின்விசிறிக் கோப்பை. அரங்கில் விசிறி ஓடவில்லை. ஐந்தாம் ஆண்டு அஜீரண மாத்திரைக் கோப்பை. வென்றவர் அதை முத்தமிட்டுவிட்டு, அதில் எழுதியிருந்ததைப் படித்த பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டார். எல்லா ஆண்டுக்கும் மேசையை யார் இறக்கினார்கள், அதன் கற்பலகையை யார் மட்டம் பார்த்தார்கள், பச்சைத் துணியை யார் இழுத்துக் கட்டி இஸ்திரி போட்டார்கள் என்று தவறாமல் எழுதியிருந்தார். எல்லாம் அவர்தான்.

இரண்டாம் ஆண்டிலிருந்து எல்லா இறுதி ஆட்டத்துக்கும் நடுவராக நின்றவரைப் பற்றி ஒன்பது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'பந்துகளைத் துடைத்து வைக்கவும் ஆள் இருந்தது.'

அந்த ஆள் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

இரு வீட்டிலும் ஒரே டிவி நிகழ்ச்சிதான் ஓடும். ஆனால் அதில் தெரிவது ஒரு வீட்டு மாப்பிள்ளைதான். வெள்ளைக் கையுறை, கறுப்பு கோட்டு, கழுத்தில் வில் மாதிரி டை. வீரர் பந்தைத் துடைக்கச் சொன்னால் சகலை அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். கேமரா கிட்டே போகும். "என் தங்கச்சி வீட்டுக்காரர் என்ன களையா இருக்கார் பாருங்க" என்பாள் மனைவி. அந்தப் பந்து உருளும் துணி யார் போட்டது என்று எந்தக் கேமராவும் இதுவரை கேட்டதில்லை. ஒரே ஒரு முறை மேசைக்காரரின் முழங்கை டிவியில் வந்தது. அதை அவர் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

பாக்கி இருந்தது ஒன்பதாம் ஆண்டு. போட்டியின் மிகப் பெரிய நாள் அது. இறுதி ஆட்டத்தில் ஒரு வீரர் ஒரே மூச்சில் நூற்று நாற்பத்தேழு புள்ளி எடுத்தார். அதற்கு மேல் சாதாரணமாக எடுக்க முடியாது. அந்த நாளைப் பற்றி மேசைக்காரரிடம் வேறொரு கதை இருந்தது. பதினாறு வருஷமாக எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை.

ஆட்டத்தன்று காலையில் புதுத் துணி போட்டிருந்தார். ஆட்டத்தைத் தொடங்கும் வெள்ளைக் கோடு எப்போதும் கதவுப் பக்கம்தான். அதைப் போடக் குனிந்த நேரத்தில் சகலை வந்தார். கையுறையைக் கழற்றித் துணியை ஒரு தடவு தடவினார். கூரையைப் பார்த்தார். "அண்ணே, இந்த வருஷம் கோட்டை ஜன்னல் பக்கம் போடுங்களேன். கேமராவுக்கு நல்லாயிருக்கும்" என்றார். அப்போதைய செயலாளரும் ஆமாம் போட்டார். மேசையின் தலை காலானது.

"எதுக்குத் தெரியுமா? இவனுக்கு இடது கன்னம் அழகு. அது டிவியில தெரியணும்னு என் மேசையையே திருப்பிட்டான்!" என்று மேசைக்காரர் முடிப்பார். பந்தியே சிரிக்கும். சகலையும் சிரிப்பார். அதுதான் மேசைக்காரருக்கு இன்னும் எரியும்.

இடது கன்னத்தை அச்சில் ஏற்றிவிடுவது என்று பத்தாம் பக்கத்துக்காகப் பேனாவைத் திறந்தபோது செயலாளர் வந்து, அந்த ஒன்பதாம் ஆண்டுத் துணியைச் சுவரில் மாட்டக் கேட்டார். மேசைக்காரர் ஸ்டோர் ரூமிலிருந்து சுருளைத் தூக்கி வந்து காலி மேசையில் விரித்தார்.

துணியைக் கட்டுமுன், கதவுப் பக்கம் வரும் ஓரத்தின் அடியில் 'கதவு' என்று எழுதுவது அவர் வழக்கம். அந்த ஓரத்தைக் கதவுப் பக்கமே போட்டு, கை பழக்கத்தில் ஜன்னலை நோக்கித் தடவினார்.

கை சொரசொரத்தது.

ஸ்னூக்கர் துணியில் கண்ணுக்குத் தெரியாத ரோமம் உண்டு. பூனை முதுகு மாதிரி. கோட்டிலிருந்து எதிர்முனைக்குத் தடவினால் வழவழவென்று போக வேண்டும். எதிர்த்துக் கிடந்தால் மெதுவாகப் போகிற பந்து தன் இஷ்டத்துக்கு வளையும். மேசைக்காரர் இடது கையாலும் தடவிப் பார்த்தார். அந்தக் கையும் அதையே சொன்னது.

அன்றைக்கு அவர் துணியைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறார். அன்று காலை கிளம்பும்போது, "இன்னிக்காவது நீங்க டிவியில வருவீங்களா?" என்று மனைவி கேட்டதும், வழியெல்லாம் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே வந்ததும் ஞாபகம் வந்தது. கோடு கதவுப் பக்கம் விழுந்திருந்தால் அன்று நூற்று நாற்பத்தேழும் இல்லை, மறுநாள் வேலையும் இல்லை.

பக்கத்து அறையில் சகலை பந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

"சகல, ஒன்பதாம் வருஷத் துணி மாறிக் கெடந்துது. ஒனக்குத் தெரியுமா?"

சகலை பந்தை வைத்தார். "தடவினதுமே தெரிஞ்சுது அண்ணே."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா கழட்டி மாத்துவீங்க. மூணு மணி நேரம். ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் இருந்துது. நீங்க இன்னும் கோடு போடல. அதான் கோட்டை மாத்தச் சொன்னேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"ஒன் பொண்டாட்டிகிட்ட?"

"அவகிட்ட சொன்னா உங்க வீட்டுக்கு வர எவ்ளோ நேரம் ஆகும் அண்ணே?"

அது நியாயம். ஆனாலும் மேசைக்காரர் விடவில்லை. "பதினாறு வருஷமா இடது கன்னம், இடது கன்னம்னு ஓட்டறேன். பல்லைக் காட்டிட்டு உக்காந்திருந்தியே!"

"கதை நல்லாத்தானே இருந்துது?" என்றார் சகலை, உண்மையாகவே.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அழகாக இருப்பவன் அழகோடு நிறுத்திக்கொள்ள வேண்டாமா? நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் மற்றவர்கள் எங்கே போவது? அதுவும் பதினாறு வருஷம், ஒருத்தருக்கும் தெரியாமல், சம்பளமில்லாமல்!

இரண்டு நாள் பேனா பத்தாம் பக்கத்தின் மேலேயே நின்றது. உண்மையை மறைத்தால் சகலை வாயைத் திறக்கப் போவதில்லை. இன்னும் இருபது வருஷம் கமுக்கமாகப் பெரிய மனிதனாகவே இருந்துவிட்டுப் போவான். அவனுடைய மௌனத்தைப் பிடுங்க ஒரே வழிதான் இருந்தது. மேசைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'ஒன்பதாம் ஆண்டு மேசைக்காரர் துணியைத் தலைகீழாகக் கட்டினார். நடுவர் அதைக் கண்டுபிடித்துக் கோட்டை ஜன்னல் பக்கம் மாற்றச் சொன்னார். மேசைக்காரர் மாற்றிப் போட்டார்.'

செயலாளர் படித்துவிட்டு, "இது வேணுமா அண்ணே? உங்க பேருதானே கெடும்?" என்றார்.

"போடுங்க. இனிமே அவன் எதையும் மறைச்சு வைக்க வேண்டாம்."

அச்சுப்படி வீட்டுக்கு வந்தது. மனைவி நின்றபடியே அந்த இடத்தைப் படித்தாள். கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுஷன்! இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலியே! நீங்களும்தான் இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே தங்கைக்குப் போன் போட உள்ளே போனாள். அடுத்த அறையிலிருந்து 'தங்கம்' மட்டும் ஐந்து முறை கேட்டது.

மேசைக்காரர் தன் போனை எடுத்தார்.

"செயலாளர் சார், அந்தப் பக்கத்துல ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. 'மேசைக்காரர் மாற்றிப் போட்டார்'னு இருக்குல்ல? 'நேராக மாற்றிப் போட்டார்'னு திருத்துங்க."

"கோடுன்னா நேராத்தானே அண்ணே இருக்கும்?"

"எல்லாரும் போட்டா இருக்காது" என்றார் மேசைக்காரர். "அவன போடச் சொல்லிப் பாருங்க."