வலிக்காத பல்லுக்கு ஒரு ஜீப்பு

"ஜீப்பு வேணும் முதலாளி. இன்னைக்கே வேணும்."

கேட்டே விட்டாள் அன்னக்கொடி. சம்பளம் கூட்டிக் கேட்கலாம், லீவு கேட்கலாம், மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு சாக்குக்கூடக் கேட்கலாம். காய் எடுப்புக் காலத்தில் ஜீப்பை மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதே என்று, அவள் இந்த மலைக்கு வேலைக்கு வந்த அன்றே அம்மா குருவம்மாள் சொல்லி வைத்திருந்தாள். எடுப்புக் காலத்தில் ஜீப்பு மனிதர்களுக்குச் சொந்தமில்லை. அது ஏலக்காய்க்குச் சொந்தம். மலையிலிருந்து போடிக்கு லோடு இறங்குவதும், போடியிலிருந்து அரிசியும் உரமும் ஏறுவதும்தான் அதன் சோலி.

அன்றும் லோடுதான் ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உலர்ந்த காய் ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார் முதலாளி கோட்டைச்சாமி. புரட்டாசிச் சாரல் விடியலிலேயே பிடித்திருந்தது. டிரைவர் காசிமாயன் மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஜீப்பு என்னத்துக்குத்தா?" என்றார் முதலாளி. கோபமில்லை. காயை வாயில் போட்டு மென்றபடியே கேட்டார்.

"பிள்ளைக் கொட்டகையில இருக்குற புள்ளைகளைப் போடிக்குக் கூட்டிட்டுப் போகணும். மதுரையில இருந்து பல் டாக்டருங்க வந்துருக்காக. இன்னைக்கு ஒரு நாத்தான். சாயந்தரம் போயிருவாக."

"எந்தப் புள்ளைக்குப் பல்லு வலி?"

"ஒண்ணுக்கும் வலி இல்ல."

காசிமாயன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான். "ஏ அப்பு, இதக் கேட்டீகளா. வலிக்கிற பல்லுக்கே கிராம்பை வச்சு அமுக்கிட்டு காட்டுக்கு வந்துக்கிட்டிருக்காக நம்ம சனம். வலிக்காத பல்லுக்கு ஜீப்பு கேக்குது படிச்ச புள்ள."

உள்ளே காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்னக்கொடிக்குக் காது மடல் சுட்டது. இந்தச் சிரிப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். மதுரைக் கல்லூரியில் வேதியியல் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறவள் அவள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, அம்மா பார்க்கும் பிள்ளைக் கொட்டகையில் 'டீச்சர்' என்று ஒரு பெயரை முதலாளி கொடுத்திருந்தார். டீச்சர் என்றால் காலையில் அ, ஆ. மத்தியானம் கஞ்சி ஊற்றுவது. நடுவில் மூக்குத் துடைப்பது.

அந்தக் கொட்டகையைப் பற்றி மலை முழுக்க நல்ல பேச்சு. அங்கே பிள்ளைகள் அழாது. பத்து பதினைந்து கைப்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமே கேட்காது. காட்டில் காய் எடுக்கிற தாய்மார்கள் திரும்பிப் பார்க்காமல் எடுப்பார்கள். அதற்குக் காரணம் முடிச்சு. பழைய சேலையைச் சதுரமாகக் கிழித்து, உள்ளே ஒரு துண்டு கருப்பட்டியை வைத்து முடிந்து, தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துவிடுவாள் குருவம்மாள். பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே தூங்கும். காய்ந்தால் மறுபடி நனைத்து வைப்பாள். கருப்பட்டி முதலாளியின் தர்மம். மாதாமாதம் போடியிலிருந்து ஒரு சிப்பம் வந்துவிடும், ஒரு மாதமும் தவறாது. எந்த எஸ்டேட்டில் கருப்பட்டி கொடுக்கிறான் என்று அம்மா பெருமையாகக் கேட்பாள்.

முடிச்சைச் சப்பி வளர்ந்தவன்தான் சோணை. அக்கா சுருளியம்மாளின் மகன். போன வருடம் இதே எடுப்பில், நாலு வயதில் செத்துப்போனான். காய்ச்சல் என்றார்கள். மலைக்காய்ச்சல் என்றார்கள். காட்டுக்குள் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்றும் சொன்னார்கள். மூன்றும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அன்னக்கொடி.

"ஆத்தா, நல்லாக் கேளு," என்றார் முதலாளி. "எனக்கும் புள்ளைக மேல பிரியம் உண்டு. வலி வரட்டும். வந்தா அனுப்பி வைக்கிறேன். ஒண்ணுமே இல்லாததுக்கு ஏலத்துக்குப் போற லோடை நிப்பாட்டச் சொல்றியே."

"வலி வந்தப்புறம் இந்த மருந்து கேக்காது முதலாளி. வலிக்கிறதுக்கு முன்னாடி பூசுறதுதான் இந்த மருந்து."

"அப்படி என்ன மருந்து?"

"புளோரைடு."

அவள் சொன்னாள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு பல் டாக்டரம்மா தனக்குச் சொன்னதை, சுண்ணாம்புச் சுவரை வைத்துச் சொன்னாள். இனிப்பு வாயிலேயே கிடந்தால் கிருமி அதைத் தின்று புளிப்பாக்குகிறது. புளிப்பு பல்லில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. முதலில் ஈறோரமாக வெள்ளைக்கோடு தெரியும், ஈரம் ஏறிய சுவர் வெளுத்துத் தெரிகிற மாதிரி. அப்போது சுவர் இன்னும் இடியவில்லை. அந்த நேரத்தில் புளோரைடைப் பூசி, இனிப்பையும் குறைத்தால், எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து திரும்பப் போய்ப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது பழையதைவிடக் கெட்டி, புளிப்புக்கு லேசில் கரையாது. ஆனால் குழி விழுந்துவிட்டால் பூசிப் பிரயோசனமில்லை. அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும்.

"நம்ம கொட்டகையில பாதிப் புள்ளைக்கு மேல வெள்ளைக்கோடு விழுந்துருச்சு," என்றாள். "நான் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டேன். இன்னைக்குப் பூசிட்டா நின்னுரும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பூசிக்கிட்டா போதும்."

"புளோரைடு எனக்கும் தெரியும்த்தா. குடிதண்ணியில அது கெடந்து, பல்லுல காவியேறி, எலும்பு கோணிப்போன ஊரைப் பேப்பர்ல போட்டிருந்தான். அந்த விசத்தையா புள்ளைக வாயில பூசச் சொல்ற?"

"அது வருசக்கணக்கா அளவு மீறிக் குடிச்சவுகளுக்கு. இது பஞ்சுல தொட்டு, பல்லு மேல மட்டும் தடவி, மிச்சத்தைத் துடைச்சு எடுத்துருவாக. உப்புக்கூட அப்படித்தான் முதலாளி. கை நிறைய அள்ளிச் சோத்துல போட்டா அதுவும் விசந்தான்."

"பால் பல்லுதானே புள்ள," என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி. "எப்படியும் விழுகப் போறதுக்கு எதுக்குப் பூச்சு?"

அன்னக்கொடி அவள் பக்கம் திரும்பவில்லை. "முதலாளி, போன மாசி எடுப்புல உங்க மேல்பல்லு செட்டுக்கு அளவெடுக்க இதே ஜீப்புதான் மதுரைக்குப் போச்சு. ஒரு நடைக்கு ரெண்டு நடை போச்சு. அப்ப லோடு நின்னுச்சுல்ல."

சிரிப்பு அறுந்தது. காசிமாயன் கயிற்றில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். கோட்டைச்சாமி வாயிலிருந்த காயைத் துப்பினார்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொட்டகைப் பக்கமிருந்து குருவம்மாள் ஓடிவந்தாள். இடுப்பில் சுருளியம்மாளின் கைக்குழந்தை செல்லக்கிளி, சோணைக்கு அடுத்துப் பிறந்தவள். வாயில் முடிச்சு இருந்தது. ஓடிவந்த குலுக்கலிலும் அதைச் சப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

"அய்யா, மன்னிச்சுக்கங்க. சின்னக் கழுதை, எதையோ படிச்சிட்டு உளறுது. ஏண்டி, என்ன சொன்னேன் உன்கிட்ட? வா இங்கிட்டு."

"நீ இரு குருவு," என்றார் முதலாளி. இப்போது அவர் குரலில் பிரியம் இல்லை. "பல்லு கெட்டுப் போகுதுங்கிறியே, எதுனாலத்தா கெடுது? இனிப்புன்னியே, எந்த இனிப்பு? இந்த மலையில புள்ளைகளுக்கு எவன் மிட்டாய் வாங்கிக் குடுக்கிறான்?"

அன்னக்கொடி செல்லக்கிளியின் வாயிலிருந்த முடிச்சைப் பார்த்தாள்.

போன வருடம் போடி ஆஸ்பத்திரி டாக்டர் சோணையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கடைவாய்ப் பல்லில் குழி. குழி வழியாக வேருக்குப் போன சீழ் தாடைக்கு இறங்கி, கழுத்துக்கு இறங்கி, மூச்சை அடைத்துவிட்டது. இவ்வளவு சின்ன வயதில் இத்தனை பல் எப்படிச் சொத்தை என்று கேட்டார். பையனுக்கு எப்போதும் வாயில் இனிப்பு வைத்துப் பழக்கமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவளும் வெளியே வந்து, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதாம் என்று அக்காவிடம் சொன்னாள். அம்மாவிடமும் அதையே சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்? உன் கையால் வைத்த முடிச்சு என்றா? ஒரு வருடமாக அந்தப் பொய்யை விழுங்கிக்கொண்டு, மறைவாக முடிச்சுகளை உருவிப் பார்த்தாள். பிள்ளைகள் கத்தின. அம்மா ஓடிவந்து மறுபடி வைத்தாள். பிள்ளை அழ விட்டு வேடிக்கை பார்க்கிறாயே, நீயெல்லாம் பொம்பளையா என்று கேட்டாள்.

"சொல்லுத்தா," என்றார் முதலாளி. "எந்த இனிப்பு?"

அன்னக்கொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் சொன்னாள்.

"உங்க கருப்பட்டி. எங்க அம்மா முடியிற முடிச்சு. சோணை காய்ச்சல்ல சாகல. பல்லுல இருந்து சீழ் எறங்கிச் செத்தான். போடி டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. நாந்தான் சொல்லல."

ஸ்டோர் கூரையிலிருந்து சாரல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குருவம்மாளின் வாய் திறந்தபடி இருந்தது. இடுப்புப் பிள்ளையை அவள் இறுக்கிப் பிடித்ததில் அது சிணுங்கியது. பழக்கத்தில் அவள் கை போய் முடிச்சை வாய்க்குள் தள்ளியது. தள்ளிய கையை எடுக்கத் தெரியாமல் அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"குருவு," என்றார் கோட்டைச்சாமி. "நீயே சொல்லு. என் கருப்பட்டி தின்னா உன் பேரன் செத்தான்?"

குருவம்மாள் மகளைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை இந்த மலையில் அழாமல் தூங்க வைத்தவள். அது ஒன்றுதான் அவள் சம்பாத்தியம்.

"இல்லங்கய்யா," என்றாள். குரல் காற்றாக வந்தது. "காய்ச்சல்லதான் போனான். எங்கையிலதான குடுத்தாக, நான் பாக்கலையா. காய்ச்சல்தான். இவ படிச்ச திமிர்ல பேசுறா."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் முதலாளி அன்னக்கொடியிடம்.

அன்னக்கொடி கேட்டுக்கொண்டாள். அம்மா பொய் சொல்கிறாள் என்று கோபம்கூட வரவில்லை. வேறு என்ன சொல்லிவிட்டு இந்த மனுஷி நாளைக்கு விடிந்து எழுந்திருப்பாள் என்று தோன்றியது.

கோட்டைச்சாமிக்கு அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகியதோ, பெண்கள் பார்க்கிறார்களே என்று இருந்ததோ தெரியாது. நாற்காலியில் சாய்ந்து கையை வீசினார். "சரி போ. ஊர்ப் புள்ளைகளை எல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போக முடியாது. உங்க வீட்டுப் புள்ளைய வேணும்னா கொண்டு போ. ஏ காசி, இதை மூட்டை மேல ஏத்திக்க. ஏலக்கடையில லோடை எறக்கிட்டு, அப்படியே டாக்டர்கிட்ட விட்டுரு."

காசிமாயன் மூட்டைகளின் மேல் கொஞ்சம் இடம் ஒதுக்கினான். "வெரசா ஏறு தாயி. நேரமாச்சு."

அந்த இடத்தை அன்னக்கொடிக்குத் தெரியும். முன் சீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில். தாடை வீங்கிய சோணையை மடியில் போட்டுக்கொண்டு சுருளியம்மாள் உட்கார்ந்த இடம் அதேதான். அன்று லோடு முழுதாக ஏறட்டும் என்று ஜீப்பு நின்றது. ஏலக்கடையில் இறங்கட்டும் என்று மறுபடி நின்றது. ஏலக்காய் வாசனைக்கு நடுவில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. அக்கா இன்றைக்கும் டீயில் ஏலக்காய் விழுந்தால் குடிக்க மாட்டாள். காய் எடுக்கிற பிழைப்பில், நாள் முழுக்க அதே வாசனையில் நின்று வயிற்றைக் குமட்டிக்கொண்டு எடுக்கிறாள்.

நேற்றுக் காட்டில் வைத்து அக்காவிடம் கேட்டிருந்தாள்: செல்லக்கிளியை நாளைக்குப் போடிக்குக் கொண்டு போகட்டுமா என்று. எதற்கென்று சுருளியம்மாள் கேட்கவில்லை. காயைப் பறித்துக் கூடையில் போட்டபடியே சொன்னாள்: "கொண்டு போ. லோடு மேல மட்டும் வச்சுக் கொண்டு போகாத."

அப்போதே முடிவாகிவிட்டது. ஜீப்பு கேட்டது மற்றப் பிள்ளைகளுக்காக. கிடைக்காது என்று தெரிந்துதான், விடியும் முன்பே பழைய சேலையும் ஒரு குப்பி வெந்நீரும் பையில் எடுத்து வைத்திருந்தாள். ஒத்தையடித் தடத்தில் இறங்கினால் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் போடிக்குப் போய்விடலாம். சாரலில் வழுக்கும், அட்டை ஏறும். ஏறட்டும்.

"நீங்க லோடைக் கொண்டு போங்கண்ணே. நான் நடந்தே எறங்கிக்கிறேன்," என்றாள் காசிமாயனிடம்.

முதலாளி எழுந்தார். "இப்பப் போனா நாளைக்குக் கொட்டகைச் சோலிக்கு வர வேண்டாம்."

அன்னக்கொடி அம்மாவிடம் போனாள். குழந்தையின் மேலுதட்டை விரலால் லேசாகத் தூக்கினாள். இரண்டு முன்பல், ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடு. இன்னும் குழி விழவில்லை. முடிச்சைப் பிடித்து இழுத்தாள். எச்சிலும் கருப்பட்டிச் சாறுமாக நூல் விட்டு வந்தது. அம்மாவின் கையிலேயே அதை வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். செல்லக்கிளி வாயைக் கோணி, மூச்சைப் பிடித்து, வீறிட்டாள். அந்த ஸ்டோர் வாசலில் ஒரு கைப்பிள்ளை அப்படி அழுது யாரும் கேட்டதில்லை. பெண்கள் வேலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள்.

"வழி பூரா அழுகும்டி," என்றாள் குருவம்மாள். கண்ணில் தண்ணீர் நின்றது. முடிச்சை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக அவள் கை தவித்தது.

"அழுகட்டும்மா."

பழைய சேலையால் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அன்னக்கொடி தடத்தில் இறங்கினாள். பின்னால் கொட்டகைக்குள் இன்னொரு பிள்ளை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அதன் சத்தத்தில் அடுத்தது. அத்தனை பிள்ளைக்குக் கேட்டு ஒன்றைத்தான் தூக்க முடிந்தது அவளால். அம்மா கொட்டகைப் பக்கம் ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. முடிச்சோடு ஓடுகிறாளா, வெறுங்கையோடு ஓடுகிறாளா என்று திரும்பிப் பார்க்காமல், வீறிடுகிற பிள்ளையின் தலையைச் சாரலுக்கு மறைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.