செவலைக்குக் கிடைத்த நீளம்

எலப்புள்ளிக்குக் கிழக்கே ஒரு பால் சங்கம். வருஷா வருஷம் கனமான கிடாரிக்கு அங்கே வெண்கல மணி பரிசு. தராசு கிடையாது, தலைவர் அப்புசாமி கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு என்ன ராசியோ, எப்போதும் அவருடைய கிடாரியே கனமாகத் தெரிந்தது. பொறுக்க முடியாமல்தான் சங்கத்து கிளார்க் ஈஸ்வரன் கூட்டத்தில் எழுந்து, "இந்த வருசம் கம்ப்யூட்டர் சொல்லட்டுங்க. அதுக்கு மாமன் மச்சான் கெடையாது" என்று சொல்லித் தொலைத்தான்.

ஆர் என்கிற கணக்கு மொழியை அவன் யூட்யூபில் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தான். பாடத்தில் பென்குவினின் அலகை அளந்தார்கள். பாலக்காட்டில் பென்குவினுக்கு எங்கே போவது? மாட்டை அளந்தான். எண்களை வரிசையாகக் கோத்தால் அது வெக்டர். ஆறு கிடாரியின் நெஞ்சுச் சுற்றளவு ஒரு வெக்டர், உடல் நீளம் இன்னொன்று. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, குறிப்பிட்ட ஓர் எண்ணால் வகுத்தால் எடை. ஆறுக்கும் சேர்த்து ஒரே வரிதான்!

சுற்றளவு எடுக்க யாரும் மறுக்கவில்லை. தலையிலிருந்து வால் வரை டேப்பை நீட்டியதும் வந்தது வினை. செத்த மாட்டுக்குக் குழி வெட்டத்தான் அங்கே அப்படி அளப்பார்கள். பட்டியலில் முதல் மூன்று பேர், தலைவர் உட்பட, போனால் போகிறதென்று விட்டார்கள். மற்ற மூன்று பேர் விரட்டினார்கள். அதில் முதல் ஆள் அவன் பெண்டாட்டி ஆனந்தி.

"ஏனுங்க, நம்மூட்டுச் செவலைக்குக் குழியா வெட்டப் போறீங்க? டேப்பச் சுருட்டுங்க மொதல்ல!"

ஆறு சுற்றளவையும் கைக்கு வந்த மூன்று நீளத்தையும் மட்டும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். நீளம் குறைகிறதென்று அது திட்டும் என்று நினைத்தான். திட்டவே இல்லை. ஆறு எடையும் வந்து நின்றது, முதலிடத்தில் செவலை! இல்லாத நீளத்தை அதுவாகவே கணித்துக்கொண்டது போல, அடேயப்பா என்ன மூளை என்று பூரித்துப்போனான்.

சங்கத்து வாசலில் செவலையின் கழுத்தில் மணி ஏறியது. அப்புசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் இல்லீன்னியேப்பா ஈஸ்வரா. பொண்டாட்டி மட்டும் இருக்குதாக்கும்?"

கூட்டம் சிரித்தது. ஈஸ்வரனுக்குச் சுரீரென்றது. எந்த மாட்டுக்கு எந்த நீளம் என்று எல்லாரும் பார்க்கட்டும் என, கணக்கை வரிசையாகக் கம்ப்யூட்டர் திரையில் போட்டான். போட்டவனே அப்போதுதான் கவனித்தான். மூன்று நீளமும் தீர்ந்ததும் அந்த மகா மூளை திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. முதலில் இருந்தது அப்புசாமியின் கிடாரி, நாலாவது செவலை. அதன் நீளம் இதற்கு வந்துவிட்டது. நாலு நீளம் கொடுத்திருந்தாலாவது ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். மூன்று ஆறில் மிச்சமில்லாமல் அடங்கியதால் பாவி வாயே திறக்கவில்லை.

வேறு யாருக்கும் அது புரியவில்லை. பேசாமல் மூடியிருந்தால் மணி வீட்டுக்கு வரும். ஆனால் பெண்டாட்டிக்காகப் பொய்க்கணக்குப் போட்டவன் என்ற பேர் உண்மையாகிவிடுமே!

"தப்பாப் போச்சுங்க" என்றான். "செவலைக்குத் தலைவரூட்டு மாட்டு நீளத்தப் போட்டிருக்குதுங்க. இப்பவே அளந்துரலாமுங்க."

அளக்காத மற்ற இரண்டும் வற்றல். எந்த நீளம் போட்டாலும் தேறாது. எல்லாரும் ஆனந்தியைப் பார்த்தார்கள். அவள் அவனை எரித்துவிடுவது போல் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று செவலையின் பின்னால் போய், டேப்பின் நுனியைத் தானே வாலடியில் பிடித்தாள். மறு நுனியை அவன் தலைப்பக்கம் பிடித்து அளந்தான்.

செவலை குட்டைதான். திரும்பப் போட்ட கணக்கில் அப்புசாமியின் கிடாரி முதலில் வந்தது.

"நான் அப்பவே சொன்னனே, கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு!" என்றார் அப்புசாமி. "இனி வருசா வருசம் ஈஸ்வரனே கணக்குப் போடட்டும்." கூட்டம் கை தட்டியது.

ஆனந்தி மணியை அவிழ்த்துக் கொடுத்தாள். செவலையை வீட்டுக்கு ஓட்டிப்போனாள். தொழுவத்தில் கட்டிவிட்டுத்தான் ஈஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"அளந்தாக் குழிதான்னு சொன்னனே, கேட்டீங்களா? குழி மாட்டுக்குன்னல்ல நெனச்சிட்டிருந்தேன்."