பதினேழு பேர் கடந்த சாலை

1
இந்தக் கதை ஒரு தாளிலிருந்து பிறந்தது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. அதனால் முதலில் யாரைத் திட்டுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

முதல் தொடக்கம்: ‘நாகமலை புதுக்கோட்டை தாண்டி நாலுவழிச் சாலையைக் கடக்கும்போது, பவதாரிணி என்ற பத்து வயதுச் சிறுமி...’

(வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.)

2
நான் சாலை வடிவமைக்கும் பொறியாளன். ஓரிடத்தில் மணிக்கு இருநூறு பேர் குறுக்கே கடந்தால் சுரங்கப்பாதை. குறைந்தால் நடுவே இடைவெளியில்லாத இடுப்பளவுச் சுவர் மட்டும். எங்கள் அலுவலக விதி இது. மனம்போன போக்கில் வரைவதைவிட எண்ணிப் பார்த்து வரைவது மேல் என்று இப்போதும் நம்புகிறேன்.

எண்ணும் தேதியைத் தலைமை அலுவலகம் குறித்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள்.* மணிக்குப் பதினேழு பேர் என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

* அன்று ஊரே காலியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது. மதுரைக்காரன் எனக்குமா தெரியாது? வேலை சீக்கிரம் முடியும் என்று வாயை மூடிக்கொண்டேன். எண்ணி முடித்ததும் நானும் அழகரைப் பார்க்க வண்டியூருக்குத்தான் ஓடினேன். வெட்கங்கெட்டவன்.

3
சுவர் வருகிறது என்று கேள்விப்பட்டு பாண்டிச்செல்வி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பவதாரிணியின் அம்மா. வீடு சாலைக்குத் தெற்கே, மகளின் பள்ளிக்கூடம் வடக்கே.

“அண்ணே, அன்னைக்கு ஊரே ஆத்துக்குள்ள நின்னுச்சு. பள்ளிக்கூடமும் லீவு. வருசத்துல அம்புட்டு நாள் கெடக்க, அன்னைக்குத்தான் எண்ண வந்தீகளா?”

மேலதிகாரி உக்கிரபாண்டியிடம் போய், மறுபடி எண்ண அனுமதி கேட்டேன்.

“காரணம் எழுதணும்ல மாப்ள. அந்த எடத்துல விபத்து ஏதும் நடந்துருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்ப என்னத்த எழுதுவ?”

4
அந்த முதல் தொடக்கத்தில் பவதாரிணியைக் கொல்லப் போனேன். வாசகர் அழுவார், உக்கிரபாண்டிக்குக் காரணமும் கிடைக்கும். பாதி வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது. ச்சீ! ஒரு பிள்ளை செத்தால்தான் வரைபடம் திருந்தும், ஒரு பிள்ளை செத்தால்தான் கதை உருக்கும் என்றால், எனக்கும் அந்த அலுவலகத்துக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது முடிவு: உக்கிரபாண்டி மனம் திருந்தி... (பொய். அடித்துவிட்டேன்.)

5
வெள்ளிக்கிழமை வரைபடத்தில் கடைசிக் கையெழுத்து விழுகிறது. வியாழன் காலை எட்டரைக்கு நீங்கள் போய்ச் சாலையின் தெற்கே நில்லுங்கள். வடக்கே நான் நிற்பேன், அனுமதி இல்லாமலே.

கடந்தவர்கள்: ________

இந்த வெற்றிடத்தை நான் நிரப்பப்போவதில்லை. ஒருமுறை நிரப்பிய லட்சணம் போதும். ஒன்று மட்டும்: சாயங்காலம்வரை இருங்கள். பவதாரிணியை இரண்டு தடவை எண்ண வேண்டும். அவள் வீட்டுக்குத் திரும்பியும் வர வேண்டும்.