ஐந்தருவியைத் திறந்துவிட்ட கட்டைவிரல்

1

ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீரைக் கொட்டவைத்தது மழையும் அல்ல, மலையும் அல்ல. தென்காசியில் குடியிருக்கும் பிச்சுமணியின் வலதுகைக் கட்டைவிரல்.

இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் நீங்கள் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வாக்கியம் என்னுடையது அல்ல. தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிச்சுமணியே, நூலகத்தில் செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்து, அந்த விரலை ஆட்டிக்காட்டிச் சொன்னது. சுற்றியிருந்த நாங்கள், பென்ஷன்காரர்கள், எல்லோரும் தலையாட்டினோம். (டீ வாங்கித் தருகிறவர் அவர். நம்புவதில் எங்களுக்கு ஒரு செலவும் இல்லை.) நம்பாதவர் ஒருவர்தான். நூலகர் நிர்மலாதேவி. புத்தகங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்:

"மழை பெஞ்சா தண்ணி விழப்போவுது. அங்க உங்க விரலுக்கு என்ன சோலி அண்ணாச்சி?"

"நீங்க நம்பாண்டாம் மேடம். இவரு எழுதுவாரு" என்று என்னைக் கைகாட்டினார் பிச்சுமணி.

"எழுதட்டும். படிச்சுட்டுச் சொல்லுதேன்."

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். நான் பிச்சுமணியைவிடக் கொஞ்சம் பெரிய புளுகன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் கூட்டியதையும் நான் கூட்டியதையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் படித்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும்.

2

'மேகங்கள் மலைமுகட்டைத் தழுவிக்கொள்ள, சாரல் மெல்ல மெல்ல...'

அடித்துவிட்டேன்.

'இயற்கை அன்னை தன் மடியில்...'

இதையும்.

ஏன் என்றால், குற்றாலத்தைப் பற்றி இணையத்தில் இருக்கும் அத்தனை தளங்களும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஒருவன் எழுதியிருக்கிறான்; மற்றவர்கள் எல்லாம் அவனைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்; முதலில் எழுதியவன் செங்கோட்டைச் சாலையைக்கூட மிதித்ததில்லை. ஒரு தளம் குளிர்கண்ணாடியும் வெயிலுக்குப் பூசும் களிம்பும் எடுத்துவரச் சொல்கிறது. இன்னொன்று, வருவதற்கு உகந்த மாதம் ஏப்ரல் என்கிறது. ஏப்ரலில் ஐந்தருவிக்கு வந்தால் பாறையை நக்கலாம். மூன்றாவது தளத்தில் ஐந்தருவி என்று போட்டிருக்கும் படம் கேரளத்து அருவி. அதில் யானை நிற்கிறது. நான்காவது தளத்தை நான் திறந்தபோது அது என்னையே 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்டது. கேள்வி கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள்.*

ஆகவே அருவியை வர்ணிக்காமலே இந்தக் கதையை எழுதப்போகிறேன். தண்ணீர் மேலேயிருந்து கீழே விழும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

* அதற்கு நான் 'இல்லை' என்று அழுத்தினேன். உள்ளே விட்டது. (இது நான் கூட்டியது.)

3

அந்த ஜூனில் சாரல் நேரத்துக்கு வந்தது. ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுந்தது. மனிதர்கள்தான் விழவில்லை.

பிச்சுமணி தினமும் காலையில் போய்க் குளித்தார். சீசன் நேரத்தில் ஐந்தருவியில் ஒருவன் தலையை நீட்டினால் அதில் நாலு பேர் கை இருக்கும். அந்த ஜூனிலோ, விசிலை வாயில் வைத்திருந்த காவலர் ஊத ஆளில்லாமல் கொட்டாவி விட்டார். எண்ணெய் மாலிஷ்காரர்கள் ஒருவருக்கொருவர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குரங்குகள் பறிக்க ஒன்றுமில்லாமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தன.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவரை மிளகாய் பஜ்ஜிக் கடை குருவம்மாள் பிடித்துக்கொண்டாள். பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் மங்குஸ்தான் பழமும் குவித்து வைத்திருப்பாள். பழம் கறுத்துக்கொண்டிருந்தது.

"ஓய் பிச்சுமணி அண்ணாச்சி, தண்ணி நல்லாத்தானே விழுது? எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா?"

"முதுகே ரெண்டாப் பொளந்துட்டு தாயி."

"அப்பம் ஊரு உலகத்துக்கு என்ன கேடு? இந்த ஞாயித்துக்கிழமையும் இப்படியே போச்சுன்னா கடைய அந்தப் பக்கத்துக்கடைச் சிப்ஸ்காரன் கையில குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான். அவனும் வந்து வந்து சட்டிய அளந்து பாத்துட்டுப் போறான்."

"எங்க போவ?"

"ராயகிரி. மக வீட்டுக்கு. மருமவன் போலீஸு. வீட்டுக்குள்ளயும் விசில்தான். அவன் குடுக்க காப்பியக் குடிக்கதுக்கு இந்தப் பாறையில உருண்டுரலாம்."

இந்த இடத்தில் நான் முதலில் எழுதியது: 'குருவம்மாளின் கண்களில் நீர் திரண்டது.' எழுதியதை அவளிடமே வாசித்தும் காட்டினேன்.

"யாரு கண்ணுல?" என்றாள். "சவத்த, நான் எதுக்கு அழுதேன்? கையில எண்ணெய்க் கரண்டி இருந்துது. இந்த மனுசன் குளிச்சிட்டுச் சும்மா நிக்காரே, மூஞ்சியில ஊத்திருவமான்னு பாத்தேன். எழுதுனா அத எழுதும்."

எழுதிவிட்டேன்.

4

காரணம் பிச்சுமணியின் பக்கத்து வீட்டில் இருந்தது. பெயர் தேவா. ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரன் வீட்டுத் தொலைபேசி ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: 'தண்ணி விழுதா?' விழுகிறது என்றால் கேட்டவன் மட்டும் வரமாட்டான்; அவன் மச்சினன், மச்சினனின் மேலதிகாரி, மேலதிகாரியின் மாமியார், எல்லோரும் வருவார்கள். பாய், தலையணை, துண்டு, சோறு நம் பொறுப்பு. ஈரத் துணியை நம் வீட்டு ஜன்னல்களில் காயப்போட்டுவிட்டு, 'அவ்வளவா தண்ணி இல்ல' என்று குறை வேறு சொல்வார்கள். ஆகவே, முதுகில் அருவி இறங்கிக்கொண்டிருந்தாலும் 'ஒரு சொட்டு இல்லையே' என்று வாய்கூசாமல் சொல்வது இந்த ஊரில் பொய்க் கணக்கில் சேராது. தற்காப்பு.

தேவாவின் சம்பந்தி மதுரைக்காரர். அவர் தொலைபேசியில் கேட்கிற ஆள் இல்லை. கைப்பேசி வரைபடத்தில் பார்க்கிற ஆள். அதனால் தேவா மே மாதம் எடுத்த படம் ஒன்றை, வெறும் பாறையும் அதன்மேல் சொறிந்துகொண்டிருக்கும் குரங்குமாக, வரைபடத்தில் ஐந்தருவியின் பெயருக்குக் கீழே ஏற்றினார். 'தண்ணி சுத்தமா இல்ல. இந்த வருசம் சீசன் அவ்வளவுதான்.' தெருவில் எல்லோருக்கும் சம்பந்தி உண்டு. 'உண்மை', 'நேரில் பார்த்தேன்', 'வந்து ஏமாந்தோம்' என்று தெருவே கீழே வரிசையாக எழுதியது. அதை ஒரு சுற்றுலாத் தளம் எடுத்துப் போட, அதைப் பார்த்து இன்னொன்று போட, கடைசியில் கணினி தானாக எழுதும் கட்டுரை ஒன்று 'ஐந்தருவி: ஒரு வறண்ட நினைவு' என்று கண்ணீர் வடித்தது.

சம்பந்தியிடம் மட்டும் சொல்லவேண்டிய பொய்யை இந்த மேதாவிகள் பூமி முழுவதற்கும் சொல்லிவிட்டார்கள்.

5

பிச்சுமணி சென்னையிலிருக்கும் மச்சினன் விஜயசங்கரைக் கூப்பிட்டார். தென்காசி சரித்திரத்திலேயே ஒருவன் தானாக விருந்தாளியைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. (இது அவர் கூட்டியது. ஆனாலும் விடுகிறேன்.)

"ஏலே சங்கரு, தண்ணி கொட்டுதுலே. ஞாயித்துக்கிழமை ஆளைத் திரட்டிட்டு வா."

"இல்லையே அத்தான். நெட்ல தண்ணி இல்லன்னு போட்டிருக்கே."

"நான் இப்பந்தாம்லே குளிச்சிட்டு வாரேன். தலை சொட்டுது."

"பாத்ரூம்ல குளிச்சிருப்பீங்க."

பிச்சுமணி மறுபடி அருவிக்கே போய்ப் படம் எடுத்து அனுப்பினார். 'போன வருஷப் படம்' என்று பதில் வந்தது. அருவிக்குப் பக்கத்தில் நின்று வீடியோவில் கூப்பிட்டார். விஜயசங்கர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அத்தான், இது ஏஐ."

"என்னது?"

"கம்ப்யூட்டர் பண்ணினது. நீங்களே கொஞ்சம் இளமையாத் தெரியறீங்க. உங்க ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கு பாருங்க."

மேலே தண்ணீர், கையில் கைப்பேசி, உள்ளே படித்து வேலைபார்க்கும் மச்சினன். நனைந்தவன் சொல்வதைவிட நனையாத கண்ணாடிச் சில்லு சொல்வது அவனுக்கு வேதம்.

6

ஆதாரம் தேடி அவர் நூலகத்துக்குப் போனார். நிர்மலாதேவி வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா விவரப் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். அதில் குற்றாலத்தில் ஜூன் முதல் தண்ணீர் விழும் என்றும், துரைமார்களின் காய்ச்சல் அதில் குளித்தால் இறங்கும் என்றும் இருந்தது. பிச்சுமணி அதைப் பக்க எண்ணோடு தேவாவின் படத்துக்குக் கீழே திருத்தம் என்று போட்டார். உடனே பதில்: 'உங்கள் திருத்தத்தை உறுதிசெய்ய இயலவில்லை. இந்த இடத்துக்கு நீங்கள் எப்போதாவது சென்றிருக்கிறீர்களா?'

"பொறந்ததே இங்கனதாம்லே மூதி!" என்று பிச்சுமணி கைப்பேசியைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணாச்சி, சத்தம். இது லைப்ரரி."

"மேடம், புஸ்தகத்துலயே போட்டிருக்கு. நம்ப மாட்டேங்கானே."

"புஸ்தகத்துக்கு அந்தக் காலம்தான் தெரியும். வார ஞாயித்துக்கிழமையப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? நெட்லதான் இல்லங்கான்ல, விடுங்களேன்."

கவனியுங்கள். அவர் இருப்பதும் தென்காசியில்தான்.

பிச்சுமணி விடவில்லை. பழைய செய்தித்தாள் கட்டுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். 'அருவிகளில் வெள்ளப்பெருக்கு: குளிக்கத் தடை.' அடுத்த இதழ்: 'குற்றாலத்தில் அலைமோதிய கூட்டம்.' மறுபடி 'தடை'. மறுபடி 'கூட்டம்'. 'சாரல் தொடங்கியது, வாருங்கள்' என்ற செய்திக்கு மறுநாளோ, ஒன்றுமில்லை. வெண்டைக்காய் விலைதான் இருந்தது. புரட்டப் புரட்ட அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. மேசை குலுங்கியது. நிர்மலாதேவி எழுந்து நின்று வாசலைக் காட்டினார்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றபடி, பிச்சுமணி அதே வரைபடத்தில், பெயர் போடாமல், கட்டைவிரலால் இதை அடித்தார்:

'கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாரும் ஐந்தருவிக்கு வந்துவிடாதீர்கள். ஐந்து கிளையிலும் தண்ணீர் கொட்டுகிறது. கூட்டமே இல்லாமல் உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் நிம்மதியாகக் குளிக்கிறோம். தயவுசெய்து அதைக் கெடுத்துவிடாதீர்கள்.'

இதில் ஒரு பொய் உண்டா? நானே தேடிப் பார்த்தேன். கிடையாது.

குருவம்மாளிடம் காட்டியபோதுதான் கரண்டி நிஜமாகவே உயர்ந்தது.

"வராதீங்கன்னா போட்டீரு? உமக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? வழிதப்பி வார ஒண்ணு ரெண்டு பேரையும் விரட்டுதீரே!"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு தாயி."

"அதுக்கப்புறம் பொறுக்கதுக்கு எனக்குக் கடை இருக்காதுவே!"

7

ஞாயிற்றுக்கிழமை.

'மனித வெள்ளம் என்று சொன்னால்...' (வேண்டாம், தளத்துக்காரன் நடை வந்துவிட்டது.)

பிச்சுமணி சொன்னபடி சொல்கிறேன். வண்டிகளின் வரிசை ஐந்தருவியில் ஆரம்பித்துத் தென்காசிக்குள் நுழைந்தது; வால் எங்கே என்று பார்க்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை.* காவலர் ஊதிய ஊதலில் விசிலுக்குள் இருந்த உருண்டை தேய்ந்தது. வந்தவர்கள் எல்லோர் முகத்திலும் ஒளித்துவைத்ததைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதம். தேவாவின் வீட்டு வாசலில் மதுரை வேன் நின்றது. "ஒரு சொட்டு இல்லன்னீங்களே சம்பந்தி?" என்ற கேள்விக்கு, "காலையிலதான் திறந்துவிட்டான்" என்றார் தேவா. அருவியை யார் திறந்துவிடுவார்கள் என்று கேட்க மதுரைக்காரருக்குத் தோன்றவில்லை. துண்டு எங்கே என்றுதான் கேட்டார்.

ஆண்கள் பக்கம் தண்ணீருக்குள் பிச்சுமணியின் தோளை ஒருவன் இடித்தான். விஜயசங்கர்!

"அத்தான், இது நியாயமா? இவ்ளோ தண்ணிய வச்சுக்கிட்டு என்கிட்ட மறைச்சிட்டீங்களே!"

பிச்சுமணி தலையை இன்னும் உள்ளே நீட்டினார். வாயைத் திறந்தால் தண்ணீர் போகும்.

குருவம்மாள் கடையில் மங்குஸ்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சட்டிக்கு முன்னால் கூட்டம் நெருக்கியதில் பஜ்ஜி வேகும் முன்பே இன்னாருக்கு என்று பதிவாகிவிட்டது. சிப்ஸ்காரன் வந்து நின்றான். அளக்க அல்ல, மிளகாய் கீறிக் கொடுக்க. பிச்சுமணியைக் கண்டதும் அவள் கத்தினாள்: "ஓய், பாத்துக்கிட்டு நிக்கீரு! மூச்சு விட நேரமில்லாம ஆக்கிட்டீரே, பாவி மனுசா, அந்த மாவக் கரையும்!"

பிச்சுமணி மாவு கரைத்தார். அதே கட்டைவிரலோடு.

* திரும்பிவிட்டார். மறுநாள்.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ) அந்த வாரம் மலையில் நல்ல மழை. கூட்டம் தானாக வந்தது. பிச்சுமணி வெறும் வாய்.

ஆ) அந்த விரலை அருவிக்கரையில் ஒரு சிலையாக வைத்து...

இ)

மூன்றாவதைக் காலியாக விட்டுவிட்டேன். வாசகர் எழுதிக்கொள்ளட்டும் என்று. நவீன எழுத்தாளர்கள் சோம்பலை அப்படித்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

என் முதல் வாசகர் நிர்மலாதேவி. எழுதியதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். பக்கத்தில் பிச்சுமணி. நிர்மலாதேவி முத்திரைக் கட்டையை ஓரமாக வைத்துவிட்டு முழுவதையும் படித்தார். அந்த 'வராதீர்கள்' வருகிற பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"இத எழுதுனது நீங்களா அண்ணாச்சி?" என்றார் பிச்சுமணியைப் பார்த்து.

"பின்ன?"

"பேரு போடல?"

"பேரு போட்டா நீங்கள்லாம் நம்ப மாட்டீங்களே."

நான் பென்சிலை அவர் பக்கம் தள்ளினேன். "அ-வா மேடம்? மழைதானே காரணம்?"

நிர்மலாதேவி பென்சிலை எடுக்கவில்லை. மேசையில் எங்களைத் தவிர யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வாசுதேவநல்லூர்ல எங்க நாத்தனார் இருக்கா. சனிக்கிழமை இத எனக்கு அனுப்பியிருந்தா. 'வராதீங்கன்னு ஒளிச்சு வைக்கானுவ, உடனே கிளம்பு'ன்னு. வீட்ல எல்லாரையும் ஏத்திட்டுப் போனேன். பொம்பளையாளுக பக்கம் நிக்க இடமில்ல. குளிச்சிட்டு வந்து அந்தக் குருவம்மா கடையில கையை நீட்டுனா, 'மாவு இப்பந்தான் ஒரு கெழவரு கரைக்காரு, பின்னால போய் நில்லுட்டி'ன்னு விரட்டிட்டா."

பிச்சுமணி வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"மழை முந்தின வாரமும்தான் பெஞ்சுது" என்றார் நிர்மலாதேவி. "அப்பம் நான் போகலையே. எழுதிக்கிடுங்க. நடந்துச்சு."