பால் பாக்கெட்

...அதுதானே, இந்தக் காலத்து ஆள்களுக்கு யாராவது பார்க்க வந்தால்தான் வீட்டைக் கூட்டவே தோன்றுகிறது, வந்தவன் முதுகைக் காட்டினால் மறுபடி அதே குப்பை, என்று நாகையா வாய்க்குள் திட்டியபடி கிள்ளானில் காப்பார் சாலையோரத் தொழிற்சாலை வாசலில் நின்றார். பழைய கார், லாரி காடிகளின் பேட்டரிகளை உடைத்து உலையில் ஈயம் உருக்கும் இடம். மற்ற நாளில் கேட்டருகே வரும்போதே தொண்டை கரிக்கும். இன்றோ தரையைக் கழுவி விட்டிருக்கிறார்கள், பெரிய காற்றாடி உறுமுகிறது, எல்லார் மூஞ்சியிலும் புது முகமூடி, மடிப்புகூடக் கலையவில்லை... அரசாங்கத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கிறாளாம். வரட்டுமே. முன்பும் ஒருத்தன் வந்தான், எழுதினான், போனான், அதற்குப் பிறகுதானே இங்கே வேலை செய்யும் மகள் அமுதவள்ளிக்கு விரல் நடுங்க ஆரம்பித்தது? சீப்பை எடுத்தால் சீப்பு கீழே கிடக்கும். இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னதை இங்கே வந்து சொன்னபோது சூப்பர்வைசர் சுகுமாறன் சிரித்தானே, “அதுக்குத்தான் தெனம் பாலு குடுக்குறோம்லா அங்கிள், பாலு விஷத்த இழுத்துரும்” என்று...

இழுக்குமோ இல்லையோ, அந்தக் கஞ்சப் பயல்களிடமிருந்து வருவது அது ஒன்றுதான். அமுதவள்ளி அதையும் குடிக்கமாட்டாள். தேநீர் இடைவேளையில் கேட்டுக்கு ஓடிவந்து அவர் கையில் கொடுப்பாள், “பாப்பாவுக்குக் குடுங்கப்பா” என்று. அவர் ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார், வீட்டில் பேத்தி இரண்டு கையாலும் பிடுங்கி, மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சுவாள், கடைசிச் சொட்டுவரை. பெற்றவள் புகையைத் தின்கிறாள், பிள்ளையாவது பால் குடிக்கட்டும், இதில் என்ன தப்பு, யார் கேட்பது?

இன்று அமுதவள்ளி பாக்கெட்டை நீட்டும்போது பின்னாலேயே அந்த அதிகாரி வந்து நின்றாள், மாதவியாம் பெயர், சுகுமாறனும் ஒட்டிக்கொண்டு வந்தான். முகமூடி தினம் தருகிறார்களா என்று கேட்டாள். அமுதவள்ளி சூப்பர்வைசரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “தர்றாங்க மேடம்.” நாகையாவுக்குத் தலை கொதித்தது, இவளை யார் பெற்றது? “பொய்! இன்னிக்குத்தான் மொத தடவ பாக்குறேன்!” என்று கத்தினார். “பெருசு, சும்மா இருங்கலா, ஒங்க மக சோத்துல நீங்களே மண்ணப் போடாதீங்க” என்றான் சுகுமாறன். அதிகாரி அவன் பக்கம் திரும்பவில்லை, பாக்கெட்டையே பார்த்தாள். “அங்கிள், அது யாருக்கு?” பேத்திக்கு என்றார். அவள் முகம் மாறியது. “பாலு ஈயத்த இழுக்காது அங்கிள். வேல செஞ்ச கையோட தொட்டதுல வாய வச்சா, ஈயம்தான் உள்ள போகும். இனிமே உள்ள சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, பாலும் கெடையாது. பொக உறிஞ்சுற கொழா போடணும், ஒங்க மகள உலைப் பக்கம் விடக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கேன்.”

“கொழா எங்க?”

“போடுவாங்க. போடலன்னா மூடிருவோம்.”

“அப்ப கொழா இன்னும் வரல, பாலு மட்டும் இன்னியோட நின்னு போச்சு. நல்லாருக்கும்மா ஒங்க சட்டம்.”

அமுதவள்ளி தலை நிமிரவில்லை. அதிகாரி குரலைத் தாழ்த்தி, “பேத்திக்கும் இரத்தம் பாத்துருங்க அங்கிள்” என்றாள்.

அவர் திரும்பி நடந்தார். இவளுக்கு மட்டும் எல்லாம் தெரியுமாம், அந்தச் சுகுமாறனுக்குப் பால் இழுக்குமாம், இவளுக்கு இழுக்காதாம், நாளைக்கு இன்னொருத்தன் வந்து வேறொன்று சொல்வான், காற்றாடியை நிறுத்த இவள் காடி கிளம்பினால் போதாதா... பால் பால்தானே? பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை மேல் கருப்பாக அமுதவள்ளியின் விரல்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. மூலை மடிப்பில், பாப்பா பல்லை வைக்கும் இடத்தில், கட்டைவிரல். தினமும் இருந்ததா இது? சட்டையில் தேய்த்தார், போகவில்லை, சட்டையில்தான் ஏறியது. சும்மா மிரட்டுகிறாள்... ஒருத்தரையும் நம்புவதற்கில்லை, ஒருத்தரையும். ஆனாலும் பாக்கெட்டை ரொட்டிப் பையில் போடாமல், இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளியே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.