ஓரகத்தி எடுத்த படம்

பயணப் புகைப்பட வகுப்பில் சேர்ந்தது நான். மாமியாரிடம் கரடியாகக் கத்திச் சம்மதம் வாங்கியதும் நான். கடைசியில் அவர் போட்ட நிபந்தனை, "தனியா எதுக்குப் போறே? சின்னவளையும் கூட்டிட்டுப் போ." சின்னவள் என் ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளை வீடே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. பயணத்திலாவது அவள் முகத்தைப் பார்க்காமல் நாலு நாள் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதிலும் மண் விழுந்தது.

துறைமுக ஊர் ஒன்றில் தங்கினோம். என் கழுத்தில் புதுக் கேமரா, தோளில் அதை நிறுத்தும் முக்காலி. அவள் கையில் திரை கீறிய செல்போன். படகுகள் கரை திரும்பும் காலை வெளிச்சத்துக்காகக் கால் மரத்துப்போகும்வரை நான் கற்குவியல் மேல் நின்றேன். அவளோ ஐஸ் உடைக்கும் கொட்டகைக்குள் நுழைந்து, "அண்ணே, இந்த மெஷின் இவ்வளவு சத்தம் போடுதே, வீட்டுல அண்ணி பேசினா காது கேக்குமா?" என்று வம்பளந்தாள். ஐஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே பிடித்துவிட்டாள். நான் போய்க் கேமராவைத் தூக்கியதும் அதே மனிதர் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டார்.

கேமராவை இறக்கிவிட்டு வாசலிலேயே நின்று சின்னவளை முறைத்தேன்.

சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் வாத்தியார் எங்கள் படங்களைப் போட்டுக் காட்டுவார். என் படகுகளைப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்பார். சுத்தமாக இருக்க அது என்ன கழுவி வைத்த பாத்திரமா? சின்னவள் படம் வந்தால் மட்டும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அடுத்த மாதம் அவர் படம் எடுக்க மலைப்பக்கம் போகிறார். கடைசி நாள் ஆளுக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும். எது நல்ல படமோ, அதை எடுத்தவர் அவரோடு உதவியாளராகப் போகலாம். அந்த இடம் எனக்கு வேண்டும். வேலை என்று கிளம்பினால் துணைக்கு ஆள் அனுப்பமாட்டார்கள். ஒரு ஊரையாவது யாருக்கும் மருமகளாக இல்லாமல் பார்த்துவிட வேண்டும்.

கடைசி நாள் சின்னவள் செல்போனை புரொஜெக்டரில் மாட்டியதும் சுவரில் நான் வந்தேன். கொட்டகை வாசலில் நிற்கிறேன். கேமரா சும்மா தொங்குகிறது. கண் நேராக அவளையே பார்க்கிறது.

"இந்தக் கண்ணைப் பாருங்க," என்றார் வாத்தியார். "என்னமோ வேணும்னு தவிக்குது, கைக்கு எட்டலை. இந்த நாலு நாள்ல இதுதான் படம்."

தவிப்பாம். அது பச்சைப் பொறாமை என்று எனக்குத் தெரியும். எடுத்தவளுக்கும் தெரிந்திருக்குமோ என்று நினைத்ததும் காது சூடேறியது.

"ஆனா படத்துல இருக்கறவங்க சம்மதிக்காம நான் எதையும் எடுத்துக்கறதில்லை. என்னம்மா, சரிதானே?"

"சரியில்லைன்னா?"

"அடுத்தது உங்க படகுதான். நீங்க வருவீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு இஷ்டமில்லை சார்," என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

சின்னவள் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவள் செல்போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். சுவர் வெறுமையானது.

"அழிச்சிட்டியா?" வாத்தியாருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அக்காவுக்குப் பிடிக்கலைன்னா அப்புறம் எதுக்கு சார்? அக்காவையே கூட்டிட்டுப் போங்க. நல்லா எடுப்பாங்க."

முதலில் கைதட்டியதும் அவள்தான். நான் ஒரே படகை நூறு தடவை எடுத்து, மங்கலானதைக்கூட அழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன். இவள் தான் எடுத்ததிலேயே நல்ல படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மலைக்குப் போகப்போவது நான். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.